பங்களாவுக்கு உறுதி உண்டு, லயத்துக்கு?

பழைய வீடொன்று விலைக்கு வரும்போது அதன் சுவர்களோடு சேர்ந்து ஒரு வரலாறும் விலைக்கு வருகிறது. பிரான்சின் நாட்டுப்புறங்களில் ஆற்றங்கரை மாளிகைகளை விற்கும் தரகர்களின் விளம்பரங்களைப் படித்தோர் இதனை அறிவர். எந்த நூற்றாண்டில் கட்டியது, எந்தக் குடும்பம் வாழ்ந்தது, முற்றத்து மரத்துக்கு என்ன வயது, ஆற்றங்கரை எத்தனை மீற்றர் நீளம் என்றெல்லாம் விலாவாரியாக எழுதியிருப்பார்கள். பாரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம்மவரிற் சிலர் இன்று அவ்விளம்பரங்களை வெறும் வேடிக்கைக்காகப் பார்ப்பதில்லை. வாங்கும் வசதி வந்திருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. அகதியாகப் போனவன் மாளிகை வாங்கினால் அதற்காகப் பொறாமைப்படுபவன் நானல்லன்.

ஆனால் அதே கண்கள் இப்போது எங்கள் மலைநாட்டின் பக்கமும் திரும்பியிருக்கின்றன. கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களில் 'காலனித்துவக் காலத்துத் தோட்டப் பங்களா' என்ற தலைப்பில் வரும் விற்பனை விளம்பரங்களை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். உக்குவளை, இறத்தோட்டை, எல்கடுவ என்று ஊர்ப்பெயர் மாறும், வாசகம் மாறாது. உயர்ந்த கூரை, அகன்ற விறாந்தை, தேக்குமரத் தளம், பழைய கணப்பு, சுற்றிலும் மிளகும் கராம்பும் கொக்கோவும், கீழே சலசலத்தோடும் ஆறு. துரை இருந்த அறை எது, அவர் தேநீர் அருந்திய இடம் எது என்பதுவரை எழுதுகிறார்கள். இவ்வளவையும் எழுதுகிறவர்கள் ஒன்றை மட்டும் எழுதுவதில்லை. அந்தப் பங்களாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு லயம் இருக்கிறது. அதில் மனிதர் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் அந்தப் பங்களாவுக்குக் கல் சுமந்தார்கள்.

இந்த மௌனத்தைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன்.

உக்குவளை கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வழியில், மாத்தளை நகருக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. 1880இல் மாத்தளைவரை நீண்ட இரயில் பாதை இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே வாழும் ஊர். சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் ஒரு காலத்தில் கோப்பி, பின்னர் கொக்கோ, இறப்பர், தேயிலை, வாசனைத் திரவியங்கள் என்று பயிர்கள் மாறிமாறி வந்தன. ஊரை ஒட்டி ஓடுவது சுதுகங்கை. அம்பன் கங்கையிற் சென்று சேர்வது.

விளம்பரங்கள் 'இயற்கையின் மடியில் தவழும் ஆறு' என்று வருணிக்கும் அந்தச் சுதுகங்கையில் இன்று ஓடுவது சுதுகங்கையின் நீர் மட்டுமன்று. 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலையின் வயிற்றைக் குடைந்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் ஊடாக அந்நீரை உக்குவளைக்குக் கொண்டுவந்தார்கள். உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு அது சுதுகங்கையிற் கலந்து, போவத்தென்னையூடாக வடமத்திய மாகாணத்தின் வயல்களுக்குப் போகிறது. மலையைத் துளைத்து ஓர் ஆற்றையே இடம்மாற்றத் தெரிந்த அரசு இது. அதே அரசுக்கு அந்த மலையின் மேலிருக்கும் ஒரு லயத்துக்கு ஏழு பேர்ச் காணி உறுதியைக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும் வழி தெரியவில்லையாம். நம்ப முடிகிறதா?

முதலில் அந்தப் பங்களாவின் காணி எப்படி வந்தது என்று பார்ப்போம். விற்பனைக்கு வரும் உறுதிப்பத்திரங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனால், பெரும்பாலானவை போய் நிற்குமிடம் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும், எவரும் மறுத்து நிரூபிக்காதவிடத்து, முடிக்குரியவை என்றது அச்சட்டம். கண்டிச் சீமையின் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த, மாடு மேய்த்த நிலத்துக்கு எழுத்துமூல உறுதி வைத்திருக்கவில்லை. ஆகவே நிலம் பறிபோயிற்று. பறிக்கப்பட்ட நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற அடிவிலையிலிருந்து ஏலம் போயிற்று. 1844இல் அந்த அடிவிலை இருபது சிலிங்காக உயர்ந்தது. வாங்கியவர்களுள் ஆளுநரின் அதிகாரிகளும் இராணுவத்தாரும் இருந்தார்கள். 1848 ஜூலையில் இதே மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கு வரிகள் உடனடிக் காரணம். நிலம் பறிபோன வயிற்றெரிச்சல் அதன் அடியிற் கனன்ற நெருப்பு. அவ்வாண்டு ஓகஸ்ட் 8ஆந் திகதி புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டான்.

ஆகவே, அந்தப் பங்களாவின் அத்திவாரத்தின் கீழ் முதலிற் புதைந்திருப்பது சிங்களக் கிராமத்தவனின் சேனை. இதை நான் முதலிற் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலையகத் தமிழர் நிலம் கேட்கும்போதெல்லாம் 'எங்கள் நிலத்தைப் பறித்தவர்கள்' என்று அவர்களை நோக்கி விரல் நீட்டும் பழக்கம் இந்நாட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. பறித்தவன் பங்களாவில் இருந்தான். லயத்தில் இருந்தவனுக்கு நாட்கூலி மட்டுமே கிடைத்தது. இருவரையும் ஒருவராகக் காட்டியதுதான் நமது அரசியலின் மிகப்பெரிய மோசடி.

அடுத்து, உழைப்பு. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிவந்த மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். மலைநாட்டின் வாசல் அவர்களுக்கு மாத்தளையாகவே இருந்தது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களின் முழுக்கணக்கு எந்தப் பேரேட்டிலும் இல்லை. பிழைத்து வந்தவர்கள் காட்டை வெட்டினார்கள், கோப்பி நட்டார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைக் கொன்றபோது பல துரைமார் கடனாளியாகிக் கப்பலேறினார்கள். தொழிலாளி எங்கும் ஏறவில்லை. கோப்பியைப் பிடுங்கிய அதே கைகள் கொக்கோவும் தேயிலையும் நட்டன. 'துண்டு' என்ற கடன்சீட்டு அவனைக் கங்காணியோடு கட்டிப்போட்டது. அம்முறை ஒழிந்தது 1921இல்.

பங்களாவையும் லயத்தையும் ஒரே தோட்டத்தில் ஒரே உழைப்பு கட்டியது. ஆனால் கட்டிய முறையைப் பாருங்கள். பங்களா மேட்டில், காற்றும் காட்சியும் கிடைக்கும் இடத்தில். லயம் பள்ளத்தில் அல்லது மண் நிலையில்லாத சரிவில், தேயிலைக்கு உதவாத துண்டு நிலத்தில். அங்கே ஒரு குடும்பத்துக்கு ஒன்பது பத்து அறைகள். இங்கே ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு. மேட்டிலிருந்து பார்த்தால் லயத்தின் வாசல் தெரியவேண்டும். யார் பிரட்டுக்குப் போகவில்லை என்று அறிய அது வசதி. லயத்திலிருந்து பார்த்தால் பங்களாவின் கூரை மட்டும் தெரியும். இன்றைய விளம்பரத்தில் வரும் 'மனதைக் கொள்ளைகொள்ளும் காட்சி' என்பது கண்காணிப்பதற்காகத் தேர்ந்தெடுத்த மேடு என்பதை வாங்குவோருக்கு யார் சொல்வார்கள்?

இந்தக் காணி கடந்த நூற்றெண்பது ஆண்டுகளில் எத்தனை கை மாறியது என்று கணக்கிடுவோம். முடியிடமிருந்து தனித் துரைக்கு. கோப்பி வீழ்ந்தபின் தனித் துரையிடமிருந்து இலண்டன், கொழும்புக் கம்பனிகளுக்கு. 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் அரசுக்கு. 1992இல் அரசிடமிருந்து இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு, முதலில் முகாமைத்துவமாக, பின்னர் நீண்டகாலக் குத்தகையாக. 1972இன் சட்டம் ஒருவருக்கு 50 ஏக்கர்வரை வைத்திருக்க இடமளித்தமையால் சில பங்களாக்கள் தனியார் கையில் நின்றன. இன்று விலைக்கு வருபவை பெரும்பாலும் இத்தகையவையே. ஒவ்வொரு கைமாற்றத்திலும் தேயிலைச் செடி கணக்கிடப்பட்டது, இயந்திரம் கணக்கிடப்பட்டது, பங்களாவின் தளபாடமும் கணக்கிடப்பட்டது. லயத்திலிருந்த மனிதனும் கணக்கிடப்பட்டான், ஆனால் தளபாடமாக. ஒரு கைமாற்றத்தின்போதேனும் 'நீ இங்கே ஐந்து தலைமுறையாக இருக்கிறாய், உனக்கு என்ன வேண்டும்?' என்று அவனை எவரும் கேட்டதில்லை.

கேட்காததோடு நின்றார்களா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1977இலும் 1983இலும் வன்செயல்கள் துரத்தின. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல். தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் சேவை வழங்கத் தடையாயிருந்த சட்டப்பிரிவு திருத்தப்பட்டது 2018இல். அதாவது, ஒரு மனிதன் நாட்டின் குடிமகனாக ஐம்பத்தைந்து ஆண்டுகளும், தன் வாசல்வரை பிரதேச சபை சட்டப்படி ஒரு பாதை போடுவதற்கு மேலும் பதினைந்து ஆண்டுகளும் காத்திருந்தான். காணிக்கு இன்னும் காத்திருக்கிறான்.

சட்டம் தெரிந்த நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியைப் பத்து ஆண்டுகள் இடையறாது, உரிமையாளருக்கு எதிராக ஆண்டவன் உரித்துக் கோரலாமே? கோரலாம். ஆனால் அரசகாணிக்கு அது செல்லாது. தனியார் தோட்டத்திலும் லயவாசி 'உரிமையாளரின் அனுமதியோடு, வேலையின் நிமித்தம்' இருப்பவன் என்றே கொள்ளப்படுகிறான். வேலி பாய்ந்து வந்து பத்தாண்டு குந்தியிருந்தவனுக்குச் சட்டம் வழிவிடுகிறது. அழைத்துவரப்பட்டு நூற்றைம்பது ஆண்டுகள் உழைத்தவனைத் தடுக்கிறது. இதனை அநீதி என்று சொல்வதற்கு வழக்கறிஞர் பட்டம் தேவையில்லை.

இந்த நாட்டுக்கு மாற்றுவழி தெரியாமலுமில்லை. 1973இல் வீட்டாதனங்களுக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் வந்தபோது, வாடகைக் குடியிருப்பாளர் பலர் தாம் குடியிருந்த வீடுகளுக்கே உரிமையாளராகும் வழி பிறந்தது. கொழும்பில் அவ்வாறு வீட்டுக்காரரான குடும்பங்கள் இன்றும் உள்ளன. அதற்கு முந்திய ஆண்டுதான் காணிச் சீர்திருத்தம் நடந்தது. நகரத்து வாடகையாளனுக்குப் பொருந்திய நியாயம் தோட்டத்துத் தொழிலாளிக்கு மட்டும் பொருந்தாமற் போனது ஏன்? வாக்கு இல்லாதவனுக்கு நியாயமும் இல்லை என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

பிரான்சின் ஆற்றங்கரை மாளிகைக்கு மீண்டும் வருகிறேன். அங்கே பழைய வீட்டை விற்பவர் சில உண்மைகளை எழுத்தில் வெளிப்படுத்தியே ஆகவேண்டும். 1949க்கு முன் கட்டிய வீடென்றால் ஈயப் பூச்சு உண்டா என்று சொல்லவேண்டும். 1997 ஜூலைக்கு முன் அனுமதி பெற்ற கட்டடமென்றால் கல்நார் உண்டா என்று சொல்லவேண்டும். வெள்ள அபாயம் உள்ள இடமென்றால் அதையும் மறைக்கக்கூடாது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. விவசாய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுபவன் இருக்கும்போது உரிமையாளர் அந்நிலத்தை விற்க முனைந்தால், நிபந்தனைகளுக்கு அமைய, வாங்கும் முதலுரிமை பயிரிடுபவனுக்கே உரியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945-46இல் உருவான குத்தகைச் சட்டங்களின் பேறு இது. ஆக, அங்கே மாளிகையோடு சேர்ந்த வயலை வாங்கப்போகிற எம்மவர், அந்த வயலை உழுகிற பிரெஞ்சு விவசாயியை மதித்துத்தான் வாங்க வேண்டும். அதே மனிதர் உக்குவளையில் பங்களா வாங்க வந்தால் யாரையும் மதிக்கவேண்டியதில்லை. ஈயத்தை வெளிப்படுத்தும் சட்டம் அங்கே உண்டு. ஏழு குடும்பங்களை வெளிப்படுத்தும் சட்டம் இங்கே இல்லை.

சிறு தனியார் தோட்டங்களின் கதை இதனினும் கொடியது. கம்பனித் தோட்டத்தில் தொழிற்சங்கமாவது இருக்கும்; ஏதேனும் வீடமைப்புத் திட்டத்தின் பட்டியலில் பெயராவது விழும். முப்பது நாற்பது ஏக்கர்த் தோட்டத்தின் ஓரத்தில் எஞ்சிய ஐந்தாறு காம்பராக்களை எந்தத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. தோட்டம் விலைப்படும்போது வாங்குபவர் 'ஆட்களில்லாத உடைமை' கேட்கிறார். விற்பவர் கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்துக் காம்பராவின் கூரைத் தகரத்தைக் கழற்றுகிறார். ஊழியர் சேமலாப நிதி கட்டப்பட்டதா, பணிக்கொடை கொடுபட்டதா என்ற கேள்விகள் கழற்றிய தகரத்தோடு போய்விடுகின்றன. இதற்குச் சட்டத்தில் குடியெழுப்புதல் என்று பெயரில்லை. 'ஆதனத்தைத் துப்புரவாக்குதல்' என்று அழகாகச் சொல்வார்கள்.

பெரிய தோட்டங்களில் நிலைமை பொன்னாக இருக்கிறதென்று எண்ணவேண்டாம். 2023ஆம் ஆண்டு மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டென நினைவுகூரப்பட்டது. அவ்வாண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நினைவுநடை, முன்னோர் வந்த வழியே நடந்து ஓகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையை அடைந்தது. நடந்தவர்களின் கால் வலி ஆறுமுன், அதே ஓகஸ்டில், அதே மாத்தளை மாவட்டத்தில், அரசுக்குச் சொந்தமான எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனியின் ரத்வத்தை தோட்டத்தில் ஒரு குடும்பம் எழுப்பியிருந்த தற்காலிகக் குடிலை உதவி முகாமையாளர் ஒருவர் உடைத்தெறியும் காணொளி உலகெங்கும் பரவியது. இருநூறு ஆண்டு நினைவுக்கு அரசு கொடுத்த பரிசு அது. அமைச்சர் போனார், கண்டனங்கள் பறந்தன, செய்தி ஆறியது. உடைத்தவருக்குச் சட்டம் தெரியும்: அந்தக் குடில் 'அனுமதியற்ற கட்டடம்'. அனுமதி பெறுவதற்கு உரிய காணி அந்தக் குடும்பத்துக்கு இருநூறு ஆண்டுகளில் வழங்கப்படவில்லை என்பது மட்டும் சட்டத்தில் எழுதப்படவில்லை.

இனி, எதிர்வாதங்கள். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையன்று.

முதலாவது: 'வாங்குவோர் இல்லாவிட்டால் பங்களாக்கள் இடிந்துபோகும், பழைய கட்டடம் காப்பாற்றப்படுவது நல்லதுதானே?' நல்லதுதான். நான் பங்களாக்களை இடிக்கச் சொல்லவில்லை. நல்ல தச்சும் நல்ல கல்வேலையும் அவற்றில் உண்டு; அந்தத் தச்சும் கல்வேலையும் எங்கள் மக்களின் கைவண்ணமும்கூட. 2005 முதல் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய துரை பங்களாக்கள் உலகத் தரமான விடுதிகளாக இயங்கிவருகின்றன. கட்டடங்கள் பிழைத்தன, சிலருக்கு வேலையும் கிடைத்தது. மறுக்கவில்லை. ஆனால் அத்தகைய விடுதிகளில் ஓரிரவு தங்கும் கட்டணம், 2024இல் 1,350 ரூபாவாக உயர்ந்த நாட்சம்பளத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் மாத வருமானத்தை விழுங்கிவிடும். காப்பாற்றுவதானால் இரண்டையும் காப்பாற்றுங்கள் என்பதே என் வாதம். பங்களாவின் கூரையைச் செப்பனிடும் பணத்தில் ஒரு பங்கு லயத்தின் கூரைக்கும் போகட்டும்.

இரண்டாவது: 'காணி அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, துண்டு போட்டுக் கொடுத்தால் பெருந்தோட்டம் சிதைந்துவிடும்.' அப்படியா? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டாருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடுத்தது; ஆனால் 99 ஆண்டுவரை குத்தகைக்கு இடமளித்தது. அதாவது, நேற்று வந்த வெளிநாட்டானுக்கு மூன்று தலைமுறைக்கான உத்தரவாதம் உண்டு. உல்லாச விடுதிக்கு, நீர்மின் திட்டத்துக்கு, நெடுஞ்சாலைக்குத் தோட்டக் காணி துண்டாடப்படும்போது சிதையாத பெருந்தோட்டம், தொழிலாளிக்கு ஏழு பேர்ச் கொடுத்தால் மட்டும் சிதையுமா? 160 பேர்ச் ஓர் ஏக்கர். ஒரு பங்களாவின் புல்வெளியும் பூந்தோட்டமும் இரண்டு ஏக்கர் என்று கொள்ளுங்கள். அதில் நாற்பத்தைந்து குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் வீதம் பங்கிட்டாலும் சிறிது மிஞ்சும். கணக்கு இவ்வளவுதான்.

மூன்றாவது: 'இளைஞர்கள் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போகிறார்களே, காணி எதற்கு?' உறுதி இல்லாததால் போகிறார்கள் என்பதைத் தலைகீழாக்கிச் சொல்லும் வாதம் இது. வங்கியில் ஈடு வைக்கவும், ஒரு கடை போடவும், முகவரி என்று ஒன்றை எழுதவும் காணி வேண்டும். தோட்டத் துறைக்கு அனுப்பும் கடிதம் இன்றும் பல இடங்களில் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே போய்ச்சேருகிறது. நேர்முகத் தேர்வுக்கான கடிதம் தேர்வு முடிந்தபின் கைக்கு வந்த கதையை மலையகத்தில் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நான்காவது வாதம் எம்மவரிடமிருந்தே வருவது: 'லயம் ஓர் அவமானச் சின்னம். அதை ஏன் பாரம்பரியம் என்கிறீர்கள்? இடித்துத் தள்ளவேண்டியதுதானே?' வாழ்வதற்கு லயம் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. கடைசிக் குடும்பமும் வெளியேறித் தன் வீட்டுக்குப் போகட்டும். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு லயமாவது சாட்சியாக நிற்கவேண்டும். இந்நாட்டின் தொல்பொருட் சட்டம் 'தொன்மை' என்பதற்கு இட்டிருக்கும் பொது எல்லை 1815 மார்ச் 2ஆந் திகதி, கண்டி ஒப்பந்த நாள். அதற்குப் பிந்தியது தனியாக அறிவிக்கப்பட்டாலன்றிப் பாதுகாப்புக்குரியதன்று. மலையகத் தமிழரின் முழு வரலாறும் அந்தத் திகதிக்குப் பின்னரே தொடங்குகிறது. எனவே சட்டத்தின் கண்ணில் இம்மக்களுக்குத் தொன்மை என்ற ஒன்றே இல்லை. அந்தானையில் 2001 முதல் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய இயந்திரங்கள் எண்ணெய் பூசிப் பேணப்படுகின்றன. கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தின் பழைய லயமொன்றில் தொழிலாளருக்கென அமைந்த அருங்காட்சியகம், அரசு செய்யாததைச் சமூக நிறுவனமொன்று செய்ததால் வந்தது.

மற்ற நாடுகள் எப்படி நடந்துகொண்டன? 2006இல் மொரீசியசின் அப்பிரவாசி காட், ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய துறை, உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. 2012இல் பிரான்சின் வடபகுதி நிலக்கரிச் சுரங்கப் படுகை அவ்வாறே பதிவாயிற்று. அங்கே முதலாளியின் மாளிகையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை; சுரங்கத் தொழிலாளரின் வரிசை வீடுகளையும் கழிவு நிலக்கரி மேடுகளையும் சேர்த்தே பதிந்தார்கள். அதே நாட்டில், ஊவாஸ் ஆற்றங்கரையில் கீஸ் என்னும் சிறு நகரில், கோடன் என்ற அடுப்பு உற்பத்தியாளர் 1859 முதல் தம் தொழிலாளருக்காக எழுப்பிய மாபெரும் குடியிருப்பு இன்று பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம். ஆற்றங்கரை வீடென்றால் அதுவும் ஆற்றங்கரை வீடுதான். தொழிலாளியின் படுக்கையறையும் வரலாறு என்று ஒரு நாடு ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

விளம்பரக்காரருக்கு உண்மையிலேயே பங்களா வரலாறு வேண்டுமென்றால் நான் ஒன்று தருகிறேன். மடுல்கலையில் ரெலுகாஸ் என்றொரு தோட்டம். 1936இல் அங்கே தேயிலைத் தொழில் பழக வந்த இளைஞர் மார்க் பிரேஸ்கேர்டில். சின்னத்துரையாக வந்தவர், பங்களாவிலிருந்து லயத்தைப் பார்த்து மனம் கொதித்து, தொழிலாளருக்காகப் பேசத் தொடங்கினார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் மேடையேறித் துரைமாரின் கொடுமைகளை எடுத்துச் சொன்னார். ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். உயர்நீதிமன்றம் அவ்வுத்தரவு செல்லாதென்று அவரை விடுவித்தது. பங்களாவின் விறாந்தையில் நடந்த மிகச்சிறந்த காரியம் ஒரு வெள்ளையன் அங்கிருந்து இறங்கி லயத்துக்கு நடந்ததுதான். ஆனால் இதை எந்தத் தரகரும் அச்சிடப்போவதில்லை. இது விலையைக் கூட்டாது.

தமிழகத்து வாசகர்கள் இதைக் கரையிலிருந்து பார்க்கவேண்டாம். பம்பாய் பர்மா கம்பனி 1929இல் சிங்கம்பட்டி சமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மாஞ்சோலையில், குத்தகை முடியும் 2028க்கு முன்னதாகவே, 2024இல் தொழிலாளர் குடும்பங்களை மலையிறங்கச் சொன்னார்கள். நான்கு தலைமுறை உழைப்புக்குப் பின் அவர்களும் கீழே இறங்கும்போது கையில் காணி உறுதியில்லை. கொடி வேறு, சட்டம் வேறு, கதை ஒன்றே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களின் மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சரிவில் வாழ்ந்தவர்கள் சரிவை விரும்பித் தெரிவு செய்தவர்களல்லர், அங்கே வைக்கப்பட்டவர்கள். செய்தித்தாள் அலுவலகத்தில் இருந்த காலத்தில் ஒவ்வொரு மழைக்காலமும் லயங்களின் மேல் மண்மேடு சரிந்த செய்தியை எழுதியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரையும் இறந்தோரின் தொகையையும் மாற்றினால் போதும், மற்ற வரிகள் அப்படியே நிற்கும். அதே பத்திரிகையின் உட்பக்கத்தில் காணி விற்பனை விளம்பரம் வரும். முதற்பக்கத்து மண்ணும் உட்பக்கத்துக் காணியும் ஒரே மலையினுடையவை என்பதை நாங்கள் எழுதாமலே காலம் கழிந்தது.

எனவே என் கோரிக்கைகள் இவை. தோட்டப் பங்களாவையோ அதைச் சேர்ந்த காணியையோ விற்கும், குத்தகைக்கு விடும் ஒவ்வோர் ஆவணத்திலும், அக்காணியில் வாழும் குடும்பங்களின் எண்ணிக்கையும் அவர்கள் வாழ்ந்த காலமும் அவர்களுக்குச் சேரவேண்டிய நிலுவைகளும் இணைக்கப்படவேண்டும். அக்குடும்பங்களின் வீட்டுக் காணி முதலில் அளந்து, பிரித்து, உறுதி எழுதப்பட்ட பின்னரே எஞ்சியது கைமாற வேண்டும். அந்த உறுதி உண்மையான உறுதியாக, பதிவகத்தில் ஏறி, ஈடு வைக்கவும் மரபுரிமையாகக் கொடுக்கவும் தக்கதாக இருக்கவேண்டும். மேடையில் அமைச்சர் நீட்டிப் புகைப்படம் எடுக்கும் சான்றிதழ் எமக்கு வேண்டாம். 1815 என்ற கோட்டைத் தாண்டித் தொல்பொருட் சட்டம் மலையகத்துக்கு வரவேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு கூட்டம் உண்டு. அது, வாங்கும் வசதி படைத்த எம்மவர். இரட்டைப் பிரசாவுரிமை பெற்றவருக்கு 2014இன் தடை பொருந்தாது. ஆகவே சுதுகங்கையின் கரையில் உங்கள் பெயருக்கு ஒரு பங்களா வரக்கூடும். வாங்குங்கள். ஆனால் தரகரிடம் கூரை ஒழுகுமா என்று கேட்பதற்கு முன், லயம் எங்கே என்று கேளுங்கள். அங்கே போய், தமிழில் பேசுங்கள். அவர்களுடைய துண்டுக் காணியை முதலில் அவர்கள் பெயரில் எழுதித்தரும்படி விற்பவரிடம் நிபந்தனை இடுங்கள். அவர் மறுத்தால் விலையிலிருந்து கழித்து நீங்களே எழுதிக் கொடுங்கள். ஊரில் உறுதியோடிருந்த தம் வீட்டை இழந்து அகதியானவர்கள் நீங்கள். ஒரு துண்டு உறுதிக் கடதாசி மனிதனை எவ்வளவு நிமிர வைக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அதைச் செய்ய மனமில்லாதவர் பிரான்சிலேயே மாளிகை வாங்கிக்கொள்ளட்டும். அங்கே வயலில் நிற்பவனின் உரிமையை மதிக்கும்படி அந்நாட்டுச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தும்.